போணிப் பல்

கடலூர்–சிதம்பரம் ரூட்டில் அன்றாடம் போய்வருகிறவர்களுக்குக் கண்டக்டர் கலைமணியைத் தெரியாமல் இருக்காது. முகத்தைப் பார்க்காதவர்கள்கூட விசிலைக் கேட்டிருப்பார்கள். ஒத்தை விசில் என்றால் வண்டி நிற்கணும், ரெட்டை விசில் என்றால் கிளம்பணும். அந்த ரெண்டை வைத்துக்கொண்டே மனுஷன் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார். விசில் எப்பவும் இடது கடைவாயில்தான் இருக்கும். அதோடேயே டிக்கெட் கிழிப்பார், சில்லறைக்குச் சண்டை போடுவார், சிரிப்பார். கூட்டம் நெரிக்கிற நேரத்தில் விசில் எடுபடாவிட்டால் தகரத்தில் தட்டுவார். அதுவும் அதே கணக்குத்தான். நிறுத்த ஒரு தட்டு, போக ரெண்டு தட்டு.

அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச மாசமாக விசிலை வலது பக்கம் மாற்றிவிட்டார். டிரைவர் கேட்டால், "சும்மா ஒரு மாறுதலுக்குத்தான்" என்றார். மாறுதலாவது மண்ணாங்கட்டியாவது. இடது பக்கம் கீழ்வரிசையில், கேப் என்கிற உறை போட்டுப் பளபளவென்று இருந்த ஒரு கடைவாய்ப் பல், உள்ளுக்குள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. விசில் லேசாக இடித்தால்கூடப் பொறி கலங்கியது. வெளியே சொல்லவும் வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? அந்த நிலைமைதான் அவருக்கு.

பல் வலியைச் சொல்வதற்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். கேடு சொந்தத்தில் இருந்தது.

கலைமணிக்கு ஒரே அக்கா, அமிர்தம். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் சடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷனும் பெண்டாட்டியும் நிலத்தில் மல்லாட்டையும் கரும்பும் பயிர் போட்டு, ஒத்தைப் பெண் சத்யப்பிரியாவைப் பல் டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். ரெண்டு பக்க வகையறாவிலும் பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள்தான். சின்ன வயசில் லீவு விட்டால் மாமா பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்ப் போய் வருவாள். இறங்கச் சொன்னாலும் இறங்க மாட்டாள். கலைமணிக்கு ரெண்டும் பையன்கள். பெண் பிள்ளை ஆசையெல்லாம் அக்கா மகள்மேல்தான்.

அவள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பின்பக்கத் தெருவில் சொந்தமாகக் கிளினிக் போடப்போகிறாள் என்று தெரிந்தபோதே கலைமணிக்கு அந்தப் பல்லில் சொத்தை விழுந்து வலிக்க ஆரம்பித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு, வலியைச் சேர்த்து வைத்தார்.

"பாப்பா கிளினிக்க தொறக்கட்டும். போணி நாந்தான்" என்றார் வீட்டில். "தாய்மாமன் ஒருத்தன் கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது வேற எவனோ வந்து மொத போணி பண்ணுவானா?"

அவர் பெண்டாட்டி செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல தாய்மாமன் மோதரம் போடுவான், பட்டு எடுப்பான். நீங்க என்னடான்னா சொத்தப் பல்ல தாம்பாளத்துல வெச்சி சீர் எடுத்துக்கிட்டுப் போறீங்க."

அது ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை, தேங்காய், கற்பூரம் எல்லாம் முடிந்தது. சத்யப்பிரியா மாமாவை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மாமா, இது வேரு வரைக்கும் போயிருக்குது. ரூட் கேனல் பண்ணணும். ரெண்டு மூணு தடவ வர்ற வேல. இன்னிக்கு சும்மா சுத்தம் மட்டும் பண்ணிடறேன்."

"போணிய அரகொறயா வெக்கக் கூடாது பாப்பா. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ளார மொத்தமா முடிச்சிடு."

"அவசரத்துல பண்ற வேல இல்ல மாமா இது."

"உன் கை ராசி எனக்குத் தெரியும். ஆரம்பி."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அமிர்தம் கை கூப்பிக்கொண்டு நிற்கிறாள். சொந்தக்காரர்கள் மொபைலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். ஊசி போட்டு மரக்க வைத்து ஆரம்பித்தாள். நம்ம ஆளு வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர் சும்மாவா இருந்தார்? ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் சுவர்க் கடிகாரத்தைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். அவள் கை வேகம் எடுத்தது. அப்போதுதான் பல்லுக்குள்ளிருந்து காதுக்குள் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவள் கை அப்படியே நின்றது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். முகமூடியைக் கழற்றினாள். "மாமா, ஒண்ணு சொல்லணும். உள்ளாற ஒரு சின்ன..."

கலைமணிக்கு உதடு மரத்துப்போய் இருந்தது. பேச்சு குழறியது. ஆனால் நல்ல நாளும் அதுவுமாக இழுக்கிற பேச்சு எதுவும் வரக்கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். நிறுத்து.

"நல்லதா சொல்லு பாப்பா," என்று குழறினார். "முடிஞ்சிதா?"

அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "முடிஞ்சிது மாமா," என்றாள். வெளியே கை தட்டினார்கள். கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு கோணல் வாயோடு சிரிக்கிற கலைமணியின் போட்டோ மறு வாரமே பிரேம் போட்டு கிளினிக் சுவரில் ஏறியது. அதே வாரத்தில் அந்தப் பல்லுக்குக் கேப்பும் ஏறியது. அன்றைக்கும் அவள் மெல்ல ஆரம்பித்தாள். இவர் கூட வந்திருந்த ரெண்டு பயணிகளை அறிமுகப்படுத்துகிற மும்முரத்தில் காதிலேயே வாங்கவில்லை.

பயணிகளா என்று கேட்காதீர்கள். கலைமணி பஸ்ஸையே விளம்பர வண்டி ஆக்கிவிட்டார். எவனாவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினால் போதும். "மஞ்சக்குப்பம் போங்க. எங்க அக்கா பொண்ணு. நாந்தான் மொத போணி, இதோ பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டுவார். புதுச்சத்திரத்து ஆட்கள், முட்லூர் ஆட்கள் எல்லாம் போனார்கள். ஆலப்பாக்கத்தில் ஏறுகிற சர்வேயர் சுப்பிரமணியன், ரிட்டயர் ஆனவர், அவரும் போய் ரூட் கேனல் செய்துகொண்டு வந்தார். நன்றாகச் செய்கிறாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதுவும் பொய் இல்லை, கை தேர்ந்தவள்தான்.

கொஞ்ச மாசம் போனதும் போணிப் பல் மறுபடி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கடித்தால் வலி. பிறகு கடிக்காமலே வலி. ஈறில் ஒரு கொப்புளம் வந்து உடைந்து, வாயெல்லாம் கசந்து, மறுபடி வந்தது. கலைமணி ஒரு பக்கமாகவே சாப்பிடப் பழகினார். அக்கா வீட்டுக்குப் போனால் அமிர்தம் முறுக்குத் தட்டை முன்னால் வைத்து, "நல்லா கடிச்சித் தின்னுடா தம்பி. உனக்கென்னா, எம்பொண்ணு கட்டுன பல்லு" என்பாள். இவர் முறுக்கைக் காபியில் ஊற வைத்து முழுங்குவார். மெல்லவும் முடியாது, துப்பவும் முடியாது என்பதை வாயால் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவர் வாயிலேயே நடந்தது.

"போயி பாப்பா கிட்டயே காட்டித் தொலையறதுதான?" என்றாள் செங்கமலம்.

"காட்டுனா செஞ்சது சரியில்லன்னு ஆயிடும். மொத போணியே வெளங்கலன்னு அது மனசு ஒடஞ்சிடும்டி. வேற டாக்டர் கிட்ட போனா அக்கா காதுக்குப் போயிடும். ஊர் வாய மூட உலமூடி கெடயாது."

"அப்ப வலியோடவே கெடங்க."

கிடந்தார். சத்யப்பிரியா அடிக்கடி போன் செய்வாள். "மாமா, ஒரு தடவ கிளினிக்குக்கு வந்துட்டுப் போங்களேன், பல்ல பாக்கணும்" என்பாள். பார்த்தால் தெரிந்துவிடுமே! "நல்லாருக்குது பாப்பா, டூட்டி ஜாஸ்தி" என்று வைத்துவிடுவார். அந்தப் பக்கம் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

கன்னம் வீங்கி ஒருநாள் காய்ச்சலும் வந்தபோதுதான் துணிந்தார். சிதம்பரத்தில் வண்டி நிற்கிற நேரத்தில், விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டு, காக்கிச் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, தெற்கு வீதிப் பக்கம் டாக்டர் பிரிசில்லா என்று போர்டு போட்ட இடத்துக்கு, கள்ளுக்கடைக்குப் போகிறவன் மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஏறினார்.

பிரிசில்லா நடுத்தர வயசுக்காரர். அதட்டல் இல்லாத குரல். எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். வேரின் அடியில், வளைவைத் தாண்டி, தலைமுடி கனத்தில் வெள்ளையாக ஒரு கீற்று.

"ரூட் கேனல் பண்றப்ப வேர சுத்தம் பண்ண ஃபைல்னு ஒண்ணு விடுவோம். ஊசி மாதிரி மெல்லிசா இருக்கும். அதோட முனை ஒடஞ்சி உள்ளயே நின்னுடுச்சி. அதுக்குக் கீழ சுத்தம் ஆகல. சீழ் அங்கதான் இருக்குது."

கலைமணி அந்தக் கீற்றையே பார்த்தார். டிக் என்ற சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. ராகு காலமும் கடிகாரமும் வந்தன. அவர் போட்ட தட்டு மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. மனசு எவ்வளவு சாமர்த்தியமாகத் தன் பங்கை ஒளித்து வைக்கிறது பாருங்கள்.

"ஒடையறது யார் கையிலயும் ஒடையும். என் கையிலயும் ஒடஞ்சிருக்குது. அது குத்தம் இல்ல," என்றார் பிரிசில்லா. "ஆனா வளைவுக்கு அந்தாண்ட இருக்குது. பிடிவாதமா எடுக்கப் பாத்தா வேரே கீறிக்கும். எந்த அளவு ஃபைல், ஒடையறதுக்கு முன்ன எவ்ளோ தூரம் சுத்தம் பண்ணாங்கன்னு தெரிஞ்சா எனக்கு வழி தெரியும். செஞ்ச டாக்டர் யாரு? நான் பேசறேன்."

"அவரு... வெளிநாடு போயிட்டாருங்க."

"பேரு?"

"மறந்துட்டுதுங்க."

பிரிசில்லா சிரித்துவிட்டார். "பல்ல புடுங்கினவர் பேர மறந்தவங்கள பாத்திருக்கேன். கேப் வரைக்கும் போட்டவர் பேர மறந்தவர இப்பத்தான் பாக்குறேன். யாரா இருந்தாலும் கேட்டுட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க, எலும்ப அரிக்க ஆரம்பிச்சிடுச்சி. இப்பிடியே விட்டா பல்லு தங்காது."

திரும்பி வருகிற வழியெல்லாம் கலைமணிக்கு அதே யோசனைதான். கேட்டால் அந்தப் பெண் கூனிக் குறுகிப்போவாள். கேட்காவிட்டால் பல் போகும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். இவர் அதைப் பிரேம் போட்டு மஞ்சக்குப்பத்தில் மாட்டியும் வைத்திருந்தார்.

ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கால் தானாக மஞ்சக்குப்பம் போனது. மதியச் சாப்பாட்டு நேரம், கிளினிக்கில் கூட்டம் இல்லை. சுவரில் அவரே கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் போட்டோவை எடுத்துத் தெருவில் வீசணும்போல இருந்தது அவருக்கு.

"வாங்க மாமா," என்றாள் சத்யப்பிரியா. குரலில் சத்தே இல்லை. "வலிக்குதா?"

"சேச்சே. இந்தப் பக்கம் ஒரு வேலயா வந்தேன்."

"வந்தது வந்தீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் அவள் அந்தப் பல்லை லேசாகத் தட்டினாள். கலைமணி நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பி விழுந்தார். கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. அவள் ஈறைப் பார்த்தாள், கொப்புளத்தைப் பார்த்தாள். கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா," என்றாள். "சொல்ல வந்தேன். நீங்க இந்தக் கையில ஒரு தட்டு தட்டுனீங்க. சின்ன வயசுலேருந்து உங்க பஸ்ஸுல வந்தவ நான். ஒரு தட்டுன்னா நிக்கணும். நின்னுட்டேன். அதுக்கப்புறம் எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நெதம் அந்தப் போட்டோவப் பாத்துக்கிட்டேதான் மத்தவங்களுக்கு வைத்தியம் பண்றேன்."

கலைமணி நாற்காலிக் கையைப் பார்த்தார். தட்டினது ஞாபகம் வந்தது. உடம்பு கூசியது. தன் வலியை இவளிடமிருந்து மறைத்துக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இத்தனை மாசமும் இவள் கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறோம் என்று பட்டது.

"எனக்கும் தெரியும் பாப்பா. சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா கிட்ட காட்டுனேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டிக்கெட் வாங்காதவனைப் பிடிக்கத் தெரியும், அழுகிறவளைத் தேற்றத் தெரியாது. "அவுங்க கையிலயும் ஒடஞ்சிருக்குதாம்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே பிரிசில்லாவுக்குப் போன் போட்டாள். எந்த ஃபைல், எவ்வளவு ஆழம், அவசரமாக விட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். வைத்ததும் கலைமணி மெதுவாக ஆரம்பித்தார்.

"நானும் நீயும் ஒண்ணாவே போயிட்டு வருவோம். ஆனா அம்மாவுக்குத் தெரிய வேணாம். பஸ்ஸுல எவனுக்கும் தெரிய வேணாம். நான் அனுப்பி எத்தினி பேரு உன் கிட்ட வந்திருக்காங்க. ஒருத்தன் வாயத் தொறந்தா உன் பொழப்பு போயிடும்."

மனுஷன் ஒரு பொந்திலிருந்து வெளியே வந்து இன்னொரு பொந்துக்குள் தலையை விட்டார்.

லீவு போட்டுவிட்டு ஒரு காலையில் ரெண்டு பேரும் போனார்கள். பிரிசில்லா கேப்பை அறுத்து எடுத்து, பெரிய மைக்ராஸ்கோப்பை வாய்க்கு மேல் கொண்டுவந்து வெகு நேரம் பார்த்தார். சத்யப்பிரியா பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டாள். ஒடிந்த துண்டு அசையவில்லை. ரெண்டு தரம் முயன்றுவிட்டு பிரிசில்லா கையை எடுத்தார்.

"இதுக்கு மேல இழுத்தா வேரு போயிடும். துண்டு அங்கேயே கெடக்கட்டும். அது ஓரமா ஒரு சந்து கெடச்சிருக்குது. அது வழியா கீழ போயி சுத்தம் பண்ணி மருந்து வெச்சிருக்கேன். இன்னும் ஒரு தடவ வாங்க, அடைச்சிடலாம். கொப்புளம் ஆறிட்டா பல்லு நிக்கும். ஆறலன்னா அப்ப பாப்போம்."

"துண்டு?" என்று கலைமணி மரத்த வாயால் கேட்டார்.

"அது உங்களோடதான் இருக்கும்."

மத்தியானம் திரும்பும்போது அவருடைய வண்டியிலேயே ஏறினார்கள். மாற்று கண்டக்டர் ஒரு பையன் விசில் ஊதிக்கொண்டிருந்தான். கலைமணிக்கு இடது பக்கம் உதடு, நாக்கு எல்லாம் மரக்கட்டை. ஓரத்தில் எச்சில் வழிந்தது. சத்யப்பிரியா துப்பட்டா முனையால் துடைத்துவிட்டாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து ஒரு தலை திரும்பியது. சர்வேயர் சுப்பிரமணியன்.

"என்னா கலைமணி, கன்னம் வீங்கியிருக்குது? பல்லா?" என்றார். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, "அட, நம்ம டாக்டரம்மா. நீங்க கூட இருக்கும்போதா இவருக்குப் பல்லு வலி? எனக்கும் நீங்கதானம்மா செஞ்சீங்க, போன வருஷம். அது ஒண்ணும் ஆகாதே?"

முன்னும் பின்னும் நாலைந்து முகம் திரும்பியது. எல்லாம் தெரிந்த முகம். பாதிப்பேர் இவர் வாயைப் பார்த்துவிட்டு மஞ்சக்குப்பம் போனவர்கள். கலைமணிக்கு ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் நாக்கு புரளவில்லை.

"அது வந்துங்க ஐயா..." என்று சத்யப்பிரியா ஆரம்பித்து நிறுத்தினாள். திரும்பி மாமாவைப் பார்த்தாள். கிளினிக் திறந்த அன்றைக்கு முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாளே, அதே பார்வை.

கலைமணியின் கை முன் சீட்டுக் கம்பிமேல் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கீழே குனிந்துவிட்டாள்.

கை அங்கேயே இருந்தது. இன்னொரு தட்டும் தட்டினார்.

அவள் நிமிர்ந்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"மாமா பல்லுல ஃபைல ஒடச்சது நாந்தாங்க. ஒடச்சிட்டுச் சொல்லாமயும் இருந்துட்டேன். அத சரி பண்ணத்தான் சிதம்பரத்துக்கு வேற டாக்டர் கிட்ட போயிட்டு வரோம். உங்க பல்லுல ஒண்ணும் ஒடையல. ஆனா என் வார்த்தைய நம்புங்கன்னு இப்ப நான் சொல்ல முடியாது. நாளைக்கு வாங்க ஐயா, எக்ஸ்ரே எடுத்து உங்க கண்ணு முன்னயே காட்டுறேன்."

சுப்பிரமணியன் முன்னால் திரும்பிக்கொண்டார். அவர் நாக்கு கன்னத்துக்குள் அந்தப் பல்லைத் தேடிப்போவது பின்னாலிருந்தே தெரிந்தது. பின் சீட்டில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். வண்டி கடலூர் முதுநகர் சேர்வதற்குள் சேதி குறிஞ்சிப்பாடி சேர்ந்துவிடும் என்று கலைமணிக்குத் தெரியும். அக்காவின் முகம் கண் முன்னால் வந்தது. பயமாகத்தான் இருந்தது.

ஆலப்பாக்கம் வந்தது. சுப்பிரமணியன் எழுந்து, படி வரைக்கும் போய், நின்று திரும்பினார்.

"காலையில எத்தினி மணிக்கும்மா தொறப்பீங்க?"